அண்ணாச்சி தேர்ந்தெடுத்துக் கொடுத்த லென்ஸ்

ஆடி பிறந்துவிட்டால் கல்லோடையில் யாரும் யாருக்கும் தாலி கட்டுவதில்லை என்பதால், சமையல்காரத் தவசிப்பிள்ளைகளின் கரண்டிகள் பரணில் ஏறும், மேளக்காரர்களின் தவில்கள் உறைக்குள் போகும், ஊரிலுள்ள போட்டோகிராபர்கள் எல்லாரும் வருஷம் முழுக்க அடுத்தவர் கல்யாணத்துக்கு நின்ற கால்களைத் தூக்கிக்கொண்டு ஒரே வேனில் ஏறி ஆனைமுதுகு மலைக்குப் போவார்கள். வேன் நிற்கிற இடத்திலிருந்து உச்சி வரைக்கும் நடைதான். உச்சியில் ஆளுக்கு ஒரு படம் எடுக்க வேண்டும், ஒன்றே ஒன்று, அதைப் பெயர் போடாமல் கல்யாண மண்டபத்துச் சுவரில் ஒட்ட வேண்டும், அதே ஆடியில் வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் தவசிப்பிள்ளைகளும் மேளக்காரர்களும் வந்து பார்த்து ஒன்றைக் கைகாட்டுவார்கள், அந்தப் படம்தான் அடுத்த வருஷத்துப் போட்டோகிராபர் சங்கக் காலண்டரில் வரும். கல்லோடையில் கல்யாணம் நடந்த எந்த வீட்டுக்குப் போனாலும் சாமி படத்துக்கு அடுத்த ஆணியில் தொங்குவது அந்தக் காலண்டர்தான்.

அந்த ஆணி ரொம்ப காலமாகத் துரை ஸ்டூடியோ ஐயாத்துரையின் ஆணியாக இருந்தது. அவர் எடுத்த மேகம், அவர் எடுத்த பாறை, அவர் எடுத்த ஒற்றை ஆடு என்று ஊரே அவர் கண்ணால் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எதிர்வரிசையில் திரவியம் என்று ஒருத்தன் வந்து கடை போட்டான். சிரித்த முகம், கும்பிட்ட கை, அண்ணாச்சி அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுவான். போன வருஷக் காலண்டர் அவன் படம், அதற்கு முந்தின வருஷமும் அவன் படம். ஐயாத்துரை சலூனுக்குப் போனால் கண்ணாடிக்குப் பக்கத்தில் திரவியத்தின் படம், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தால் தலைக்கு மேலே திரவியத்தின் படம், சம்பந்தி வீட்டில் இட்லியைப் பிட்டால் எதிரே திரவியத்தின் படம். அவருக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, மனிதருக்குப் பொறாமை, காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கி ராத்திரி பாயை உதறுகிற வரைக்கும் பொறாமை.

சித்திரை முடிகிற நேரத்தில் அந்தத் திரவியமே ஸ்டூடியோ படியேறி வந்தான்.

"அண்ணாச்சி, இந்த வருஷம் மலைக்கு ஒரு வைட் ஆங்கிள் லென்ஸு வாங்கலாம்னு நெனக்கேன். ஆனைமுதுகு முழுசையும் ஒரே படத்துல புடிக்கணும். எனக்கு இதுல ஒண்ணும் வெளங்கல. நீங்க எதச் சொல்லுதீகளோ அத வாங்கிருதேன்."

ஐயாத்துரை அப்போதுதான் தனக்கென்று ஒரு வைட் ஆங்கிளுக்குச் சொல்லி வைத்திருந்தார். இரும்பு உடம்பு, முன்னால் தேங்காய் மூடி அகலத்துக்குக் கண்ணாடி, இருட்டிலும் ஈ எறும்பு தப்பாது, விலையைக் கேட்டு அவர் மனைவி பூரணம் தாலிக்கொடி பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதன் பெயர் அவர் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, தென்காசியில் ஒரு பழைய கேமரா கடையின் கண்ணாடி அலமாரியில் கீழ்த்தட்டில் கிடந்த பிளாஸ்டிக் லென்ஸை நினைத்துக்கொண்டார். வாங்கினவர்கள் எல்லாரும் திருப்பிக் கொடுத்த லென்ஸ். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது, வெளிச்சம் குறைந்தால் திணறும், ஓரத்தில் நிற்கிறவன் இழுத்துவிட்ட மாதிரி கோணுவான்.

"மலை ஏறுதவனுக்கு எதுக்குடே கல்லு மாதிரி லென்ஸு?" என்றார் ஐயாத்துரை, பெரிய மனுஷ முகத்தை வைத்துக்கொண்டு. "கனம் இருந்தா பாதி மலையில கழுத்து போயிரும். பட்டப்பகல்ல பாறையில வச்சு எடுக்குத படத்துக்குப் பெரிய கண்ணாடி என்னத்துக்கு? தென்காசியில ஒண்ணு கெடக்கு, பிளாஸ்டிக்கு, பூ மாதிரி இருக்கும். கையையும் கடிக்காது. அதுல உள்ள அகலம் உன் சென்மத்துக்கும் போதும்."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. கெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சொன்னார், அவ்வளவுதான். திரவியம் கும்பிட்டுவிட்டுப் போய் மறுநாளே அதை வாங்கி வந்தான், பெட்டிகூட இல்லாமல், ஒரு மஞ்சள் துணியில் சுற்றி. ஐயாத்துரை அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வைகாசியில் ஒரு கல்யாணத்தில் திரவியம் அந்த லென்ஸை மாட்டிப் பெண் வீட்டார் எல்லாரையும் மேடையில் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுத்தான். லீவு கிடைக்காமல் சவுதியில் தம்மாமில் மாட்டிக்கொண்ட பெண்ணின் அப்பா, அந்தப் படத்தில் மகளுக்குப் பக்கத்தில் நின்றார், கம்பெனி உடுப்போடு, கையில் மஞ்சள் தொப்பியோடு, ரெண்டு நாள் தாடியோடு. பெண்ணின் அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். "வாரதுதான் வந்தாரு, மூஞ்சிய மழிச்சிட்டு வந்தா என்ன?" என்றாள். பிறகு முந்தானையால் படத்தைத் துடைத்து மகளிடம் கொடுத்தாள்.

இப்படித்தான் தொடங்கியது. படம் பிடிக்கிற அந்தக் கணத்தில், படத்தில் இருக்கிறவர்களை எங்கேயாவது யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அவர்களும் படத்துக்குள் வந்து நின்றார்கள், லென்ஸ் அவ்வளவு அகலம். போகிற போக்கில் நினைத்தவர்கள் தூரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு நின்றார்கள், உருகி நினைத்தவர்கள் கிட்டத்தில் நின்றார்கள். நின்றுகொண்டு நினைத்தவர்கள் நின்றபடியும், உட்கார்ந்து நினைத்தவர்கள் நாற்காலி இல்லாமல் காற்றில் உட்கார்ந்தபடியும் வந்தார்கள், ஏனென்றால் கையில் இருந்தது வருமே தவிர நாற்காலி, கட்டில், வண்டி எதுவும் கூட வராது. செத்தவர்கள் மட்டும் வரவில்லை, அவர்களுக்கு நினைக்க வேறு சோலி இருக்கும் போல.

ஊருக்கு இதெல்லாம் பழக ஒரு மாதம்கூட ஆகவில்லை. அரபு நாட்டில் இருந்தவர்கள் ஊரில் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, வேலையை நிறுத்திவிட்டு ஊரை நினைத்தார்கள். படத்தில் வந்தவர்களுக்கும் பந்தியில் இலை போட வேண்டுமா என்று தவசிப்பிள்ளைகள் ஒரு கூட்டம் போட்டு, கடைசிப் பந்தியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு இலை போட்டால் போதும், பாயசம் மட்டும் தாராளமாக ஊற்ற வேண்டும் என்று முடிவு பண்ணினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகம் கேட்பதை விட்டுவிட்டு, திரவியத்திடம் எடுத்த படம் ஒன்று கொடுங்கள் என்று கேட்டார்கள். ஒரு மாப்பிள்ளையின் படத்தில் தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு யாரோ ஒரு பெண் கன்னத்தோடு கன்னம் வைக்காத குறையாக நிற்க, இரண்டு வீட்டாரும் பழம், பூத்தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள், மாப்பிள்ளை வீட்டார் அடுத்த முகூர்த்தத்தில் அந்த ஈரக் கூந்தல்காரியையே அவனுக்குக் கட்டிவைத்தார்கள். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனுக்காக வெள்ளிக்கிழமைதோறும் வந்து படம் எடுத்துக்கொண்ட செல்லக்கிளி என்ற அம்மாள், ஒவ்வொரு வெள்ளியும் தனியாகவே வீடு திரும்பினாள், ஆனி மாதத்தில் ஒரு வெள்ளியன்று படத்தின் கோடியில், கையில் புரோட்டாக் கரண்டியோடு, எறும்பு அளவுக்கு அவன் நின்றான். மெலிஞ்சு போயிட்டான் என்று அவள் அழுதாள். அடுத்த வெள்ளியில் அவன் எலுமிச்சம்பழ அளவு இருந்தான்.

கிட்டம் தூரம் என்று வந்துவிட்டால் அளக்காமல் இருக்க முடியுமா? வீட்டுக்கு வீடு பள்ளிக்கூடத்து ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டு, மூத்தவனைவிட இளையவன் அம்மாவுக்கு எத்தனை நூல் கிட்டத்தில் நிற்கிறான், கட்டிக்கொடுத்த மகள் எத்தனை நூல் தள்ளிப்போனாள் என்று அளந்தார்கள். அதில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளும் உண்டு, நின்றுபோன பேச்சுவார்த்தை தொடங்கிய வீடுகளும் உண்டு.

அந்த இரண்டு மாதமும் ஐயாத்துரை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சங்கடம் என்னவென்றால், திரவியம் அந்தப் புகழை ஒரு சொட்டுகூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவனிடமெல்லாம், "அண்ணாச்சி பாத்துத் தேர்ந்தெடுத்துக் குடுத்த லென்ஸுல்லா" என்றான். ஊர் முழுக்க ஐயாத்துரையின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு எப்பேர்ப்பட்ட மனசு அண்ணாச்சி, எதிர்க்கடைக்காரனுக்கு இப்படி யார் சொல்லுவா என்றது. அவர் ஆமாம் என்றும் சொல்ல முடியாமல், இல்லை அவனைக் கெடுக்கத்தான் சொன்னேன் என்றும் சொல்ல முடியாமல், பச்சை மிளகாயைக் கடித்தவர் போலச் சிரித்தார். ரகசியமாகத் தென்காசிக்குப் போய் அதே மாதிரி பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்றை வாங்கிப் பார்த்தார், அதில் எதிரே நின்றவர்கள் மட்டும் கோணலாக விழுந்தார்கள். அவருடைய இரும்பு லென்ஸில் எதிரே நின்றவர்கள் மட்டும் நேராக விழுந்தார்கள். கல்யாணமெல்லாம் திரவியத்துக்குப் போனது. துரை ஸ்டூடியோவுக்கு வந்தது பாஸ்போர்ட் படம் ஒன்றுதான், அதுவும் ஏனென்றால், திரவியத்திடம் எடுத்தால் பெற்ற தாய் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறாள் என்று பாஸ்போர்ட் ஆபீஸில் திருப்பி அனுப்பினார்கள்.

ஓரமெல்லாம் கோணுது, கவனிச்சீங்களா என்று அவர் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தார். வந்து நிக்கதே பெருசு, இதுல கோணலப் பாத்தா முடியுமா அண்ணாச்சி என்றார்கள்.

மிச்சமிருந்தது ஆனைமுதுகுதான். அங்கே மனுஷக் கூட்டம் இல்லை, பாறையை நினைக்க யாரும் இல்லை, அங்கே வெறும் மலை, வெறும் வானம், வெறும் கண்ணாடி. அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று ஐயாத்துரை கறுவினார். அந்தக் காலண்டர் மட்டும் திரும்பக் கிடைத்துவிட்டால் மற்றதையெல்லாம் மன்னித்துவிடத் தயாராக இருந்தார். கால் பழகட்டும் என்று இரும்பு லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலைக்கோயில் படியில் ஏறினார். பாதிப் படியில் கழுத்து பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவரால் இடப்பக்கம் திரும்பவே முடியவில்லை, யாராவது இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பினார். தைலம் போட்டார், துண்டைச் சுற்றினார், ஒத்தடம் கொடுத்தார், ஆடியில் வேன் வந்து நின்றபோதும் கழுத்து அப்படியேதான் இருந்தது.

"நீங்க இல்லாம மலையா அண்ணாச்சி?" என்று திரவியம் வேன் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டான். அவன் கழுத்தில் அந்தப் பிளாஸ்டிக் லென்ஸ், துளசி மாலை மாதிரி, இருப்பதே தெரியாமல் தொங்கியது.

"போயிட்டு வாங்கடே" என்றார் ஐயாத்துரை. வேன் போனது.

அன்று பகல் முழுக்க அவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். இப்போது ஓடையைத் தாண்டியிருப்பான், இப்போது மூங்கில் காட்டுக்குள் போயிருப்பான், அவனுக்கு மூச்சு வாங்காது, கழுத்தில் கனம் இருந்தால்தானே வாங்கும், நான் சொல்லித்தானே வாங்கினான், இப்போது புல்மேட்டில் கால் வைத்திருப்பான், இப்போது தண்ணீர் குடிப்பான், இப்போது சிரிப்பான், எல்லாருக்கும் சிரிப்பான், எனக்கும் சிரிப்பான் என்று அடி அடியாக அவனோடு மலை ஏறினார். பூரணம் போட்டு வைத்த சோறு ஆறிப்போய்விட்டது. வெயில் சாய்கிற நேரத்தில், இப்போது உச்சியில் நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பான் என்று தோன்றியதும் அவரால் உட்கார முடியவில்லை. லுங்கியும் பனியனுமாக, கழுத்தில் துண்டோடு, இரும்பு லென்ஸைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, உலகத்தில் வேறொரு நினைப்பும் இல்லாமல் திரவியத்தை நினைத்தார்.

அங்கே உச்சியில் திரவியம் கேமராவை ஒரு பாறையில் வைத்து, டைமரைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கூட்டத்தோடு நின்றான். எல்லாரையும் பிடித்த அந்த லென்ஸுக்கு முன்னால் அவன் அதுவரை நின்றதே இல்லை.

படங்களை மண்டபத்தில் ஒட்டிய அன்று ஐயாத்துரை பூரணத்தையும் கூட்டிக்கொண்டு போனார், திரவியத்தின் படத்தில் வானம் வெளிறிப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். பெரிய தவசிப்பிள்ளை ஆவுடையப்பன் வந்து அவர் கையைப் பிடித்துச் சுவருக்குக் கூட்டிப்போனார்.

ஒரு படத்துக்கு முன்னால்தான் கூட்டம் நின்றது. ஆனைமுதுகு முழுவதும் அதில் இருந்தது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். நடுவில் வரிசையாகப் போட்டோகிராபர்கள், அவர்களைச் சுற்றிப் புல்மேடெங்கும் அவர்களை நினைத்தவர்கள், அகப்பையோடு மனைவிமார், தம்மாமிலிருந்து மச்சான்கள், காற்றில் படுத்தபடி கைக்குழந்தைகள், திருவிழாக் கூட்டம் மாதிரி. திரவியத்தின் அம்மா தூரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு நின்றாள், டிவி பார்த்துக்கொண்டே நினைத்திருப்பாள். அவன் மனைவி ஒரு முழம் தள்ளி நின்றாள். அவனுக்குப் பக்கத்தில், தோளுக்கும் தோளுக்கும் ஒரு நூல் இடைவெளிதான், லுங்கியும் பனியனுமாக, கழுத்தில் துண்டோடு, நெஞ்சில் லென்ஸோடு, மலையைவிடப் பெரிதாக ஐயாத்துரை நின்றார்.

அவர் முகம் அழுகையை அடக்குகிறவனின் முகமாக இருந்தது. பல்லைக் கடித்த முகம் படத்தில் அப்படித்தான் விழும் என்பது அவருக்குத் தெரியும், எத்தனை கல்யாணம் பார்த்தவர்.

"பெத்த தாயே அந்தக் கோடியில நிக்கா" என்றார் ஆவுடையப்பன், குரல் தழுதழுக்க. "நீரு பாருமய்யா, கழுத்து வலியோட எங்க வந்து நிக்கீருன்னு. நாங்க வேற எந்தப் படத்தயும் பாக்கல. இதுதான் காலண்டரு."

மேளக்காரர்கள் ஆமாம் என்றார்கள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். உண்மையைச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்று ஐயாத்துரைக்குத் தெரிந்தது. பூரணம் மட்டும் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் அவருக்குச் சோறு போட்டவள்.

"என்னைய ஒருநாளாவது இப்பிடி நெனச்சிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள்.

தையில் காலண்டர் வந்தது. சலூனில், பல் டாக்டரிடம், சம்பந்தி வீட்டில், சாமி படத்துக்கு அடுத்த ஆணியில், பனியனோடு ஐயாத்துரை தொங்கினார். காலண்டரைத் தரச் சொல்லித்தானே கேட்டாய், இந்தா வைத்துக்கொள் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. புதிதாகக் கல்யாணமானவர்களை அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, இப்படி இருக்கணும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் திரவியம் ஸ்டூடியோ படியேறி வந்தான். வழக்கமான சிரிப்பு இல்லை. மஞ்சள் துணியைப் பிரித்து லென்ஸை எடுத்து ஐயாத்துரையின் மேஜையில் வைத்தான்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க தேர்ந்தெடுத்தது. உங்களுக்கு என் மேல மனசுக்குள்ள ஏதோ வெசனம், வருத்தம் இருக்குன்னு ரொம்ப நாளா நெனச்சிருக்கேன், அது என் தப்பு. பாத்துட்டேன்லா. எனக்கு இது போதும்."

ஐயாத்துரை அவனை நிமிர்ந்து பார்த்தார். காலண்டர் கிடைத்தது, லென்ஸ் கிடைத்தது, இனிமேல் கல்யாணங்களும் வரும். கேட்டதெல்லாம் வந்து மேஜையில் கிடக்க, நெஞ்சுக்குள் அந்த எரிச்சல் மட்டும் இடம் மாறாமல் அப்படியே இருந்தது. இவ்வளவையும் கொடுத்துவிட்டு ஒருத்தன் எப்படி இவ்வளவு இலேசாக நிற்கிறான்?

"சரிடே, வெயிலுக்கு முன்ன வீடு போய்ச் சேரு" என்றார். திரவியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினான், வெளியே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

சத்தம் தெருமுனையில் திரும்புவதற்குள் ஐயாத்துரை கதவைச் சாத்தினார். லென்ஸைத் தன் கேமராவில் மாட்டினார், ஸ்டாண்டில் வைத்தார், டைமரைப் போட்டார், ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊரையெல்லாம் பிடித்த லென்ஸுக்கு முன்னால் அவரும் அதுவரை உட்கார்ந்ததில்லை. நம்மை யார் நினைக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்ற ஆசையும், யாருமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் ஒன்றாக வந்தன. படம் விழுந்தது.

பிரிண்ட் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடியில் பூரணம் நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு, கோபத்தோடு, ஆனால் வந்திருந்தாள், எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகவே இருந்தாள். இந்தப் பக்கம், பைக் இல்லாமல், முழங்காலை மடக்கிக் காற்றில் உட்கார்ந்தபடி, தலையில் ஹெல்மெட்டோடு, நனைந்த கண்ணோடு திரவியம்.

ஐயாத்துரை மேஜை இழுப்பறையைத் துழாவி ஸ்கேலை எடுத்தார். சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். காலண்டரில் ஒரு நூல் இடைவெளி இருந்தது. இதில் அளக்க ஒன்றுமில்லை, தோள் தோளில் முட்டிக்கொண்டு நின்றது. ஸ்கேலைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை பார்த்தார், அப்போதும் அப்படித்தான் இருந்தது.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு, வயிறும் எரிந்தது.

"படுபாவி" என்றார் சத்தமாக, யாருமில்லாத ஸ்டூடியோவில். "இதுலயும் என்னைய முந்திட்டானே."